மெஜஸ்டிக் சார்

சிவகாசியில் ‘கிராண்ட்’ என்ற வார்த்தை சீப்பட்ட மாதிரி வேறு எந்த ஊரிலும் சீப்பட்டிருக்காது என்பது ஜாபஸ் சாரின் தீர்மானமான அபிப்பிராயம். கல்யாணம் கிராண்ட். காதுகுத்து கிராண்ட். கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறவன்கூடப் பல்லைக் குத்திக்கொண்டே, “கவனிப்பு கிராண்டுப்பா” என்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு பெஞ்சு போட்ட பரோட்டாக் கடைக்குப் பெயர் ‘ராயல்’. அதற்கு எதிர்த்தாற்போல் ஒரே ஒரு சுழல் நாற்காலி கிடக்கும் சலூனுக்குப் பெயர் ‘இம்பீரியல்’. ஜாபஸ் சார் முடி வெட்டிக்கொள்வது அங்கேதான், வேறு கதியில்லாமல். போர்டை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே நுழைந்துவிடுவார்.

சாத்தூர் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். ஓய்வு பெற இன்னும் கொஞ்சகாலம்தான் இருந்தது. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை ஒரு பீரியடு முழுக்க நடத்துவார். அன்றைக்கு மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும்.

“ஏலே, எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. கிராண்ட் வேற, மேக்னிபிசன்ட் வேற, மெஜஸ்டிக் வேற. கிராண்ட்னா செலவு தெரியணும். மேக்னிபிசன்ட்னா பாத்தவன் வாயப் பொளக்கணும். மெஜஸ்டிக்னா என்ன தெரியுமா? பாத்தவன் தலை தானா குனியணும். யாரும் குனியச் சொல்லாம குனியணும்.”

சொல்லிவிட்டு, அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை தனியாகச் சொல்லிப் பார்ப்பார். நல்ல பதநீரை வாயில் வைத்திருப்பவர் மாதிரி அவர் கண் பாதி மூடும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘மெஜஸ்டிக் சார்’. அவருக்கும் அது தெரியும். கோபம் வந்த மாதிரி நடிப்பாரே தவிர உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான்.

இந்த ஊர்த் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தில் எங்கேயும் பிள்ளை பிறந்த பிறகுதான் பேர் வைப்பார்கள். இங்கே பட்டாசுக்கு முதலில் பேர், அப்புறம் பெட்டி, கடைசியில்தான் பட்டாசு. தீபாவளி முடிந்து புதுச் சீசனுக்குப் பூஜை போட்ட கையோடு லேபிள் அச்சுக்குப் போய்விடும். வடக்கே இருக்கிற வியாபாரி பெட்டியின் படத்தையும் பேரையும் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பான். பெட்டி என்ன வாய் பேசுகிறதோ, அதற்குத் தக்கபடி உள்ளே இருக்கிற சரக்கைச் செய்துகொள்ள வேண்டியது கம்பெனியின் பாடு.

பட்டாசுக் கம்பெனி முதலாளி காசிராஜன் ஒவ்வொரு பூஜைக்கும் ஜாபஸ் சார் வீட்டுக்கு ஒரு கிலோ காராச்சேவோடு வந்துவிடுவார். அவர்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் செயலரும். “வாத்தியாரய்யா, இந்த வருசத்துக்கு நல்ல கனமான இங்கிலீசா ஒண்ணு குடுங்க” என்பார். ஜாபஸ் சார் கொடுப்பார். காசு ஒரு பைசா வாங்கமாட்டார். கிரௌன், எம்பரர், இம்பீரியல் நைட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சலூன்காரனிடம் தொலைத்த வார்த்தையைப் பட்டாசுப் பெட்டியிலாவது மீட்டுவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. தீபாவளிக்கு முன்தினம் கடைத்தெருவில் நடந்துபோய், தன் வார்த்தைகள் ஜரிகை அச்சில் மின்னுவதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். பார்க்காவிட்டால் அவருக்குப் பண்டிகையே இல்லை. இத்தனைக்கும் அவர் கிறிஸ்மஸ் கொண்டாடுகிற ஆள்.

மெஜஸ்டியை மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. “அத மட்டும் கேக்காதீக அண்ணாச்சி” என்று விடுவார். போன பூஜைக்குக் காசிராஜன் விடவில்லை. மேலே போய் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் பூப்பூக்கிற பெரிய ஷாட் ஒன்று போடப்போவதாகவும், பெட்டியில் தங்கக் கலரில் கிரீடம் அடிக்கப்போவதாகவும் சொன்னார். எத்தனை வருஷம்தான் நகையைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பது என்று ஜாபஸ் சாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ‘ஹிஸ் மெஜஸ்டி’ என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, “சரக்கு அந்தப் பேருக்குத் தக்கன இருக்கணும், சொல்லிட்டேன்” என்றார்.

“நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க” என்றார் காசிராஜன்.

அப்படித்தான் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஜாபஸ் சார் ஆனைக்குட்டம் பக்கம், கரிசல் பொட்டலில் வெள்ளோட்டம் பார்க்கப் போனார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வெடி வைத்தவர் கம்பெனி போர்மேன் இசக்கிப்பாண்டி. அவர் மகள் அழகுமீனா ஜாபஸ் சாரிடம் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அதனால் சாரைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பிள்ளை இங்கிலீசுல எப்படி சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் திரியைப் பற்றவைத்தார்.

ஷாட் மேலே போய் விரிந்தது. சிவப்பு, பச்சை, கடைசியில் கொஞ்சம் பொன். கூட நின்ற ஏஜெண்டுகள் கைதட்டினார்கள். காசிராஜன் ஜாபஸ் சாரின் முகத்தைப் பார்த்தார்.

“கிராண்டா இருக்கு” என்றார் ஜாபஸ் சார்.

காசிராஜன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“ஆனா மெஜஸ்டி இல்ல. மெஜஸ்டின்னா வானமே குனியணும் அண்ணாச்சி. இது வானத்துக்கு முதுகு சொறிஞ்சுவிட்ட மாதிரில்லா இருக்கு!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காசிராஜன் மட்டும் சிரிக்கவில்லை. “இசக்கி, கேட்டியாலே? மருந்தக் கூட்டு” என்றார்.

“மொதலாளி, இதுக்கு மேல கூட்டுனா வெயிலு தாங்காது. கலர் பூக்க வைக்கிற இந்த மணிமருந்து கோவக்காரச் சாமான். லேசா உரசுனாப் போதும். நம்ம ஷெட்டுல இதச் செய்யவே லைசென்சு கெடையாது.”

“வடக்க பூராவும் ஆர்டர் எடுத்தாச்சு. பெட்டி அடிச்சாச்சுலே! இனி பெட்டியவா திருப்பி அடிக்க முடியும்?”

இசக்கிப்பாண்டி திரும்பி ஜாபஸ் சாரைப் பார்த்தார். இது போதும் அண்ணாச்சி, பேருக்கு இது தாராளம் என்று சார் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோயிருக்கும். அதற்குத்தான் அந்த மனுஷன் பார்த்தார் என்பது ஜாபஸ் சாருக்குப் புரிந்தது. புரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. தன் முதுகு சொறிகிற நகைச்சுவைக்கு ஏஜெண்டுகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவருக்கு மனசில்லை.

ஆனி மாதம். காற்று நின்றுபோய், கரிசல் காடு அடுப்புக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். மாடி வகுப்பில் ஜாபஸ் சார் வருஷாந்திரப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். கிராண்ட் முடிந்து, மேக்னிபிசன்ட் முடிந்து, தலை தானாகக் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே, சீமைக்கருவேலங் காட்டுக்கு அப்பால் வானத்தில் என்னவோ கிளம்பியது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பகலில் ட்ரையல் விடுவது புதிதல்ல. ஆனால் இது வேறு. ஒன்றன் பின் ஒன்றாக இல்லை, ஒரே கூட்டமாக மேலே ஏறியது. வெள்ளை வெயிலையும் மீறிப் பொன்னும் சிவப்புமாக வானத்தின் அந்த மூலை முழுக்க விரிந்தது. சத்தம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஒரு நொடி, சத்தமே இல்லாமல், அது அப்படியே நின்றது.

ஜாபஸ் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. “பாருங்கலே!” என்று கத்தினார். “அங்க பாருங்க! அதுதான்! அதுதான் மெஜஸ்டிக்!”

வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகுதான் சத்தம் வந்தது. தரை தூக்கிப் போட்டது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே விழுந்தது. பூப்பூத்த இடத்தில் கறுப்புப் புகை எழும்பிக் குடை மாதிரி கவிந்தது. கைதட்டல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. “அய்யோ, எங்க கம்பெனிப் பக்கம்லா!” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அழகுமீனா செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஷெட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மணிமருந்தைக் காயப்போட்டு அள்ளியபோது உரசித் தீப்பிடித்து, ஷெட்டில் அடுக்கியிருந்த ஷாட்டெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது என்றார்கள். நாலு பெண்கள் அங்கேயே கரிந்துபோனார்கள். எந்தக் கை எந்த உடம்புக்கு உரியது என்று தெரியாமல் அவர்கள் வீட்டாட்கள் வளையலையும் மெட்டியையும் வைத்து அடையாளம் சொன்னார்கள். இசக்கிப்பாண்டி உயிரோடு கிடைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் சேர்த்திருந்தார்கள். ஜாபஸ் சாரின் மனைவி பியூலா அந்த வார்டு நர்ஸ்.

மறுநாள் பேப்பரில், போர்மேன் அளவுக்கு மீறி மருந்து கலந்ததே விபத்துக்குக் காரணம் என்று வந்தது. சொன்னது கம்பெனி. கேஸும் இசக்கிப்பாண்டி பேரில்தான். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நாளைக்கும் அதே முதலாளிகளிடம்தான் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் காசிராஜன் வந்தார். இந்தத் தடவை காராச்சேவு இல்லை. முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார் போல என்று ஜாபஸ் சாருக்கு முதலில் இரக்கமாகக்கூட இருந்தது.

“வாத்தியாரய்யா, செத்தவுகளுக்கு இங்கிலீசுப் பேப்பர்ல ஒரு அஞ்சலி போடணும். நாலு பேர் மதிக்கற மாதிரி நல்ல கம்பீரமான வார்த்தையாப் போட்டு எழுதிக் குடுங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னிக்கு ஆனைக்குட்டத்துக்கு நீங்க வந்த கதையெல்லாம் யார்ட்டயும் பேச வேணாம். ஒங்களுக்குத்தான் தலைவலி. ரிட்டயர்டு ஆகப்போற நேரம் பாருங்க” என்றார்.

“அந்தச் சரக்கு…” என்று இழுத்தார் ஜாபஸ் சார்.

“சாத்தூர்ல வேற யூனிட்டுக்கு விட்டாச்சு. என்ன பண்ண? பெட்டி அடிச்சாச்சே.”

ஜாபஸ் சார் எழுதிக் கொடுத்தார். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல! வார்த்தைகள் தடுமாறக்கூட இல்லை. உன்னத ஆத்மாக்கள், ஈடற்ற தியாகம் என்று நாலு வரி, முப்பது வருஷப் பழக்கத்தில் இங்கிலீஷில் தானாக வந்து விழுந்தது. பீடி வாங்கக் காசில்லாத வீட்டுப் பொம்பளைகளுக்கு ராஜா ராணிக்கு எழுதுகிற மாதிரி எழுதினார். காசிராஜன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரி ஐயர் ஜெபத்தில் ‘மகிமையும் மகத்துவமும்’ என்று சொன்னபோது ஜாபஸ் சாருக்கு அதுவும் மெஜஸ்டி என்றுதான் காதில் விழுந்தது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

பியூலா தினமும் டூட்டி முடிந்து வருவாள். குளிப்பாள். சோறு போட்டுக்கொண்டு பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாள், சாப்பிடமாட்டாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்தாளு முழிக்கிறப்பல்லாம் ஒங்களத்தாங்க கேக்காரு.”

“என்னையா? எதுக்கு?”

“எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் தண்ணிச் செம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“செத்தவுகள்ல ரெண்டு பேரு அவரு சொந்தக்காரப் பொம்பளைக. அந்த வீட்டாளுக அவரு பொண்டாட்டி முத்துமாரியம்மா வாசல்ல வந்து மண்ணள்ளித் தூத்திட்டுப் போயிருக்காக. ‘எங்க பிள்ளைகளக் கொன்னவன் பொஞ்சாதி’ன்னு. அந்தப் பொண்ணு அழகுமீனா வார்டு வாசல்லதான் கெடக்கு. சொந்தபந்தம் யாரும் ஒரு வாய்த் தண்ணி குடுக்கல. ஆனைக்குட்டத்துல நீங்க இருந்தீகளா இல்லையா?”

“இருந்தேன்.”

“அப்ப எந்திரிச்சுப் போங்க. அவருக்கு நாளு அதிகமில்ல” என்றாள் பியூலா. புருஷனிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். இன்னொரு நாள் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றார். அதற்கு மறுநாள்தான் போனார். போகிற வழியிலும், பார்த்துவிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

கொசுவலைக்குள் இசக்கிப்பாண்டி கிடந்தார். முகம் உப்பிப்போய் இமை பிரியவில்லை. மருந்து வாடையும் அதற்கடியில் இன்னொரு வாடையும். பியூலா குனிந்து, “சார் வந்திருக்காக” என்றாள்.

“சார்.” குரல் காற்று மாதிரி வந்தது. “எப்படி சார் இருந்துச்சு?”

“எது இசக்கி?”

“நான் உள்ள நின்னேன். எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது. தூரத்துல இருந்து பாத்தவுகளுக்குத்தான தெரியும்.” மூச்சு வாங்கினார். “வானம் குனிஞ்சுதா சார்?”

அதில் குத்தலே இல்லை. அதுதான் ஜாபஸ் சாரைக் கொன்றது. கொடுத்த வேலையை முடித்த ஆள், வேலை சொன்ன ஆளிடம் கேட்பது போல்தான் கேட்டார். அத்தனை வருஷம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

“குனிஞ்சுது இசக்கி” என்றார்.

“அப்ப சரி.” உதடு லேசாக அசைந்தது. “நானா மருந்தக் கூட்டுனேங்காக. நான் சொல்லி எடுபடல. நீங்க அங்கன இருந்தீகளே. எம்பிள்ள கொலகாரன் மகள்னு பேரெடுத்துறக் கூடாது சார்.”

ஜாபஸ் சார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வார்டை விட்டு இறங்கி நேராக ஸ்டேஷனுக்கு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஜாபஸ் சார் வெள்ளோட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னார். இன்ஸ்பெக்டரே எழுதிக்கொண்டார்.

“மருந்தக் கூட்டச் சொன்னது?”

“காசிராஜன்.”

“எதுக்கு?”

“நான் போதாதுன்னு சொன்னேன்.”

“அதச் சொல்ல நீங்க யாரு சார்?”

“பேரு வச்சவன்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் மேஜையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டார், “ம்” என்றார், வைத்தார். பேனாவையும் மூடி வைத்தார்.

“இசக்கிப்பாண்டி போயிட்டாராம் சார். இப்பத்தான்.”

சுவரில் மாட்டியிருந்த காந்தி படத்தையே ஜாபஸ் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்யூஸ்டே போயிட்டாரு. இனி அவர ஜெயில்ல போட முடியாது, தண்டிக்க முடியாது. அவரோட முடிஞ்சுரும்” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “காசிராஜன் அண்ணாச்சி முன்னெச்சரிக்கையா முன்ஜாமீனும் வாங்கி வச்சாச்சு. இதுல கையெழுத்துப் போட்டீகன்னா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும். ஒங்க செயலருக்கு எதிரா. யோசிச்சுக்கோங்க. போடலைன்னா இத இங்கனயே கிழிச்சுறலாம்.”

உண்மைதான். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. பழியை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டு ஊரே வீட்டுக்குப் போகலாம். ஜாபஸ் சாரும் போகலாம். தீபாவளிக்குக் கடைத்தெருவில் அந்தத் தங்கக் கிரீடத்தையும் பார்க்கலாம்.

“காய்ச்சல்னும் பரீட்சைத் தாளுன்னும் ரெண்டு நாளக் கடத்திட்டேன்யா” என்றார் இன்ஸ்பெக்டரிடம், சம்பந்தமே இல்லாமல். “ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா அவரு காதால கேட்டுட்டுப் போயிருப்பாரு.” பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக இங்கிலீஷில் சுழித்துச் சுழித்துப் போடுகிறவர், தமிழில் போட்டார்.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. முத்துமாரியம்மாள் தரையில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் அழகுமீனா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் இன்னும் அன்றைக்குப் போட்டிருந்த அதே பள்ளிக்கூட யூனிபார்ம். அவர்களைச் சுற்றி யாரும் இல்லை.

ஜாபஸ் சார் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“மீனா, உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவரு வேணாம்னு சொன்னாரு. கூட்டச் சொன்னது மொதலாளி. போதாதுன்னு சொன்னது நான். எல்லாத்தையும் போலீசுல எழுதிக் குடுத்துட்டேன். கோர்ட்டுலயும் சொல்லுவேன், ஊருக்குள்ளயும் வந்து சொல்லுவேன்.”

அவள் கேட்டுக்கொண்டாள். அழுவாள், திட்டுவாள், மண்ணை அள்ளி மூஞ்சியில் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டால் நல்லது என்றுகூட நினைத்தார். அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு கிளாஸ்ல பாருங்கன்னீகளே சார்” என்றாள்.

“ஆமாம்மா.”

“அது எங்கப்பாதான சார்?”

ஜாபஸ் சாரின் தலை தானாகக் குனிந்தது.

“நல்லா இருந்துச்சு சார்” என்றாள் அழகுமீனா. “நானுந்தான் கைதட்டுனேன்.”